தங்கவயல் தூசியும் ஒரு நல்ல மாப்பும்

மாப்பு வாங்குவதைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள் மக்களே. கோலார் தங்கவயல்காரனுக்கு இது சிரிப்பு விஷயம் இல்லை. மற்ற ஊர்களில் தரை துடைப்பது சுத்தம், லட்சுமி கடாட்சம், விருந்தாளி வருகை சம்பந்தப்பட்டது. எங்கள் ஊரில் அது மூச்சு சம்பந்தப்பட்டது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன் நான். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போடுவது எனக்குத் தொழில் வியாதி. தங்கவயல் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் தங்கம் என்கிற பத்தியை நன்றாகவே எழுதிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் தூசி என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை யார் துடைத்தார்கள், எதை வைத்துத் துடைத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் எந்த மாப்பு வாங்கலாம் என்றும் சொல்கிறேன், அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம் :-)

ஒரு சவரனுக்கு 330 கிலோ மாவு

முதலில் சுருக்கமாகக் கதை. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்கிற ஐரிஷ்காரர் 1870களில் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கிக் கோலார் பக்கம் தோண்டிப் பார்த்தார். தங்கம் தோண்டக் கையில் தங்கம் வேண்டும் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. உரிமம் கைமாறி, 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று வரிசையாகச் சுரங்கங்கள் இறங்கின. வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசு கைக்கு வந்தன, 1962-ல் மத்திய அரசுக்குப் போயின, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆயின. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

இந்த 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இனி எதிர்ப்பக்கம். தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. குவார்ட்ஸ் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டியிருக்கும். பாறையை இடித்து, மாவு மாதிரி அரைத்து, அந்த மாவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க வேண்டும். ஆரம்பத்தில் பாதரசத்தில் ஒட்டவைத்துப் பிரித்தார்கள். 1887-ல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கோலாருக்கும் அது வந்தது. தங்கம் போன பிறகு மிச்சம் இருந்த சேற்றைக் கொண்டுபோய் ஊர் ஓரத்தில் கொட்டினார்கள். காய்ந்தது, மேல் மேலே கொட்டினார்கள், மலையானது. அதுதான் எங்கள் ஊர் சயனைடு மேடு. கன்னடப் படம் ஒன்று புகழ் சேர்த்த பிறகு எல்லாருக்கும் தெரியும், சாம்பல் நிறத்தில் வரிவரியாக வெடித்து நிற்குமே, அது.

இப்படி 13 மேடுகள். மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று சொல்கிறார்கள். கால்குலேட்டர் எடுங்கள். 800 டன் தங்கத்துக்கு 3.3 கோடி டன் மாவு என்றால், ஒரு கிராமுக்கு 41 கிலோ. ஒரு சவரனுக்கு சுமார் 330 கிலோ. நம் வீட்டுப் பெண்ணுக்கு ஐந்து சவரன் சங்கிலி போட்டால், அதற்கு ஈடாக ஒன்றரை டன்னுக்கு மேல் பாறை மாவு எங்கோ ஒரு தெருவுக்குப் பின்னால் நிற்கிறது. ஆடிக் காற்றில் அது அங்கேயே நிற்பதும் இல்லை.

சயனைடு என்ற பெயரைக் கேட்டதும் எல்லாரும் விஷத்தைத்தான் நினைக்கிறார்கள். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாமல் இருப்பது சிலிக்கா, அதாவது அந்தக் குவார்ட்ஸ் மாவு. அது நூறு வருஷம் கழித்தும் அதே மாவுதான்.

கீழே தண்ணீர், மேலே துடைப்பம்

சிலிக்காத் தூசி என்ன செய்யும் என்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானதே கோலார் சுரங்கங்களில்தான். 1940களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோயின் அடையாளம் இருந்தது. நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டும். தழும்பு விரியாது, மூச்சு சுருங்கும். திருப்பிச் சரிசெய்ய மருந்து கிடையாது.

தூசியை அடக்கச் சுரங்க இன்ஜினியர்கள் கண்டுபிடித்த வழி தண்ணீர். காற்றழுத்தத்தில் ஓடும் பாறைத் துளை இயந்திரம் வந்த புதிதில் வறண்ட துளைதான் போட்டார்கள். அமெரிக்கச் சுரங்கங்களில் அந்த இயந்திரத்துக்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர். 1890களின் கடைசியில் டென்வர்காரர் ஜார்ஜ் லெய்னர், உள்ளே ஓட்டை உள்ள துளைக்கம்பியை வைத்து அதன் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சுகிற இயந்திரத்தைச் செய்தார். தூசி பறப்பதற்கு முன்பே சேறாகிவிடும். உலகம் முழுக்கச் சுரங்கங்கள் மெல்ல மெல்ல இந்த ஈரத் துளைக்கு மாறின, கோலாரும் மாறியது. விதி ஒரு வரிதான்: தூசியைப் பறக்கவிட்டுப் பிடிக்காதே, பறக்குமுன் நனை.

பூமிக்குக் கீழே தெரிந்த இந்த விதி, பூமிக்கு மேலே லைன் வீடுகளுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. சுரங்கத் தூசி சட்டப்படி நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய் ஆனது. வீட்டுத் தூசி பெண்கள் வேலை என்பதோடு நின்றது. ஒன்று பேரேட்டில் ஏறியது, இன்னொன்று ஏறவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வருகிற தூசியும் சுரங்கத்துக்குள் இருந்த தூசியும் ஒரே அளவு ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே புதிதாக உடைத்த பாறை, மூடிய இடம், முழு ஷிப்ட். புதிதாக உடைந்த துகளுக்கு வீரியமும் அதிகம். ஆனால் பொருள் ஒன்றுதான். உலர்ந்த துடைப்பத்தால் அதைக் கூட்டினால் பெரிய மண் முறத்துக்கு வரும், நுண்ணியது மூக்குக்கு வரும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 2016-ல் கொண்டுவந்த சிலிக்கா விதியில், சிலிக்காத் தூசி கிளம்பும் இடங்களில் வேறு வழி இருக்கும்போது உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக்கூடாது, நனைத்துக் கூட்டு அல்லது தகுந்த வடிகட்டி உள்ள வேக்குவம் போடு என்று எழுதினார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தண்ணீர் தெளிக்காமல் துடைப்பத்தைக் கையில் எடுக்க மாட்டார். காற்றுக்காலத்தில் துடைப்பத்தையே எடுக்க மாட்டார். நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கை உள்மூலையிலிருந்து வாசல்வரை இழுத்துக்கொண்டே வருவார். "மண்ண எழுப்பாதடி, அதுபாட்டுக்குத் தூங்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்வார். சுரங்க இன்ஜினியர் சொன்னதும் அதேதான்.

சாணித் தரையிலிருந்து சிமெண்டுக்கு

தங்கவயலின் முதல் தலைமுறை மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தது. மண் தரை, சாணி மெழுகல். சாணி மெழுகுவதை அழுக்கு என்று நினைக்கிற தலைமுறைக்கு ஒரு செய்தி: தூசிக் கணக்கில் பார்த்தால் அது கெட்டிக்கார வேலை. மெழுகிய தரையில் மண் ஒட்டிக்கொள்ளும், பறக்காது. ஒவ்வொரு மெழுகலும் பழைய தூசியின் மேல் ஒரு மூடி. கஷ்டம் என்னவென்றால் அந்தத் தரையில் எலி வளை தோண்டும். 1898-ல் பெங்களூருக்குள் பிளேக் வந்தபோது மைசூர் ராஜ்ஜியம் முழுக்க மண் தரையும் தட்டிச் சுவரும் அதிகாரிகள் கண்ணுக்குச் சந்தேகப் பொருளாயின. காலப்போக்கில் லைன் வீடுகள் கல், செங்கல் சுவருக்கும், ஓட்டுக் கூரைக்கும், சிமெண்ட், கல் தரைக்கும் மாறின.

நல்ல மாற்றம்தான். ஆனால் தூசிக்கு இப்போது ஒட்ட இடம் இல்லை. வழவழப்பான தரையில் காலடிக்குக் காலடி எழும்பும். ஓட்டுச் சந்தில் உள்ளே இறங்கும். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடே குலுங்கி, சுவரிலிருந்து காரையும் சேர்த்து உதிரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்க வேண்டிய தரையாகிவிட்டது அது. துடைக்கும் கருவியோ அதே பழைய சாக்கு, அதே குந்திய முழங்கால்.

துரைமார் பங்களாக்கள் கதை வேறு என்று நினைக்காதீர்கள். அங்கே சிவப்பு ஆக்சைடு தரை, முகம் பார்க்கிற பளபளப்பு. துடைத்தது யார்? நம் ஆட்கள்தான், மண்டியிட்டுத்தான். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் பூத் வேக்குவம் கிளீனர் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அந்த மின்சாரம் பாறை இடிக்கப் போனது. தரைத் துணிக்கு ஒரு கைப்பிடி கூட வரவில்லை.

ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு காலமா?

கைப்பிடி கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டூவர்ட் என்கிற கறுப்பினத்தவர் 1893-லேயே துணியைக் கழற்றி மாட்டும் மாப்புக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பல்களில் மாப்பு அதற்கும் முந்தியது. ஐரோப்பாவிலேயே பல வீடுகளில் 1950கள் வரை பெண்கள் மண்டியிட்டுத்தான் துடைத்தார்கள். ஸ்பெயினில் சரகோசா நகரத்து இன்ஜினியர் மனுவேல் ஹலோன், நீளக் கைப்பிடி மாப்பையும் பிழியும் வாளியையும் ஜோடியாக 1956-ல் சந்தைக்குக் கொண்டு வந்தார். விமானப்படையில் இருந்தவர். அவருடைய கண்டுபிடிப்பில் புத்திசாலித்தனம் முழுக்க வாளியில்தான் இருந்தது. துடைப்பதற்குக் குனிய வேண்டாம் என்றால் போதாது, பிழிவதற்கும் குனியக்கூடாது. அங்கே பெண்கள் எழுந்து நின்ற அதே 1956-ல்தான் இங்கே மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது.

பிறகு வந்தவை இரண்டு. ஒன்று மைக்ரோஃபைபர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய செயற்கை இழை. 1970-ல் ஜப்பானில் துணியாக வந்து, 1990களில் ஐரோப்பாவில் தரைக்கு இறங்கியது. பருத்தி நூல் தூசியைத் தள்ளிக்கொண்டு போகும், இந்த இழை பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதை வைத்துத் துடைத்துப் பார்த்து, தண்ணீரும் மருந்தும் வெகுவாகக் குறைகிறது என்று அங்கத்தைய சுற்றுச்சூழல் துறை 2002-ல் ஒரு குறிப்பே வெளியிட்டது. இரண்டாவது, 2000களில் தைவானிலிருந்து பரவிய சுழல் மாப்பு. வாளிக்குள் கூடையைச் சுழற்றித் தண்ணீரை உதறும்.

அம்மா போட்ட நிபந்தனைகள்

ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிற அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, காற்றுக்காலத்தில் இளைப்பு. மஸ்கட்டில் எங்கள் வீட்டில் சுழல் மாப்புதான். பாலைவனப் புழுதிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதையே அம்மாவுக்கும் வாங்கிவிடலாம் என்றார் தங்கமணி. வாங்குவதற்கு முன் அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

"பக்கெட்டு எவ்ளோ பெருசுப்பா?"

"ஆறேழு லிட்டர் பிடிக்கும்மா."

"தண்ணி தெனமும் வர்றதில்லயே. ரெண்டு தடவ மாத்தினா குடிக்கிற தண்ணிய இல்ல ஊத்தணும்? அப்புறம், அத தூக்கிட்டுப் போயி கொட்டுறது யாரு? நீ வருவியா?"

பதில் இல்லை. அம்மாவே தொடர்ந்தார். "கட்டிலுக்கு அடியில போகணும். துணி பிஞ்சா இங்கயே கெடைக்கணும். நான் குனியக் கூடாது. அவ்ளோதான். விலை நீ பாத்துக்கோ."

வங்கியில் பெரிய கடன் விண்ணப்பத்துக்குக் கூட இவ்வளவு தெளிவான நிபந்தனைப் பட்டியலை நான் பார்த்ததில்லை. தண்ணீர் செலவு, எடை, எட்டும் இடம், உதிரித் துணி, முழங்கால். விளம்பரங்களில் வருகிற பளபளப்பு இதில் இல்லவே இல்லை.

ஆக, எதை வாங்குவது?

1. தூசி அதிகமான வீட்டுக்குத் தட்டையான மைக்ரோஃபைபர் மாப்பு. துணியை லேசாக நனைத்துப் பிழிந்து மாட்டினால் போதும், வாளி நிறையத் தண்ணீர் வேண்டாம். நான்கைந்து துணி வைத்துக்கொண்டு அறைக்கு ஒன்று மாற்றுங்கள். அழுக்குத் துணியைத் திரும்பத் திரும்ப அதே வாளியில் முக்கினால், ஒரு அறைத் தூசியை அடுத்த அறைக்குப் பந்தி பரிமாறுகிறோம் என்று அர்த்தம். அம்மாவுக்கு இதைத்தான் வாங்கினோம்.

2. தண்ணீர் தாராளம், தரை பெரிது, பிசுக்கு அதிகம் என்றால் சுழல் மாப்பு நல்லது. வாளியின் அடியில் தண்ணீர் திறந்துவிடும் அடைப்பும் சக்கரமும் இருக்கிறதா பாருங்கள். கால் மிதியை விடக் கைப்பிடியை அழுத்திச் சுற்றும் வகை பெரியவர்களுக்குச் சுலபம்.

3. பருத்தி நூல் மாப்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் நனைந்தால் கனக்கும், நன்றாகப் பிழியாது, சீக்கிரம் காயாமல் நாற்றம் எடுக்கும். சொரசொரப்பான சிமெண்ட் தரைக்கும் வெளி வாசலுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தரையில் மைக்ரோஃபைபர் கிழிந்துவிடும்.

4. கைப்பிடி நீளம் முக்கியம். நிமிர்ந்து நின்றால் தாடை உயரத்துக்கு வர வேண்டும். நீட்டிக் குறைக்கும் வகையானால் பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

5. உதிரித் துணி தனியாகக் கிடைக்காத மாப்பை எவ்வளவு தள்ளுபடியிலும் வாங்காதீர்கள். மாப்பு மலிவு, துணி கிடைக்காது என்றால் மொத்தமும் வாராக்கடன்.

6. தரையைப் பாருங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக்கிலும் சிவப்பு ஆக்சைடிலும் சிமெண்ட் இருக்கிறது. இவற்றில் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம், மேல்பூச்சு அரித்துப் போகும். கனடா, ஐரோப்பா பக்கம் மரத் தரையில் இருக்கிறவர்கள் சொட்டுகிற மாப்பைக் கிட்டவே கொண்டு போகாதீர்கள், நீர் இறங்கினால் பலகை உப்பிவிடும். எந்தத் தரையானாலும் பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது, விஷவாயு வரும்.

7. மைக்ரோஃபைபர் துணியைத் தனியாகத் துவையுங்கள். மற்ற துணியோடு போட்டால் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி ஊற்றினால் இழையின் பிடிப்பு போய்விடும்.

8. வாங்கிய பிறகு ஒரு சோதனை. துடைத்துக் காய்ந்த தரையில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தி ஒரு முழம் இழுங்கள். கைக்குட்டை சாம்பலானால் மாப்பு தூசியை எடுக்கவில்லை, பரப்பியிருக்கிறது. பினாயில் வாசனை எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் தூசி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

துடைக்கும் முறைக்கு ஆயா சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. உள்மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும். மாப்பைத் தூக்கித் தூக்கிப் போடாமல் தரையோடு இழுத்து வர வேண்டும். காற்று அடிக்கும்போது காற்று வரும் பக்கத்து ஜன்னலை முதலில் சாத்த வேண்டும்.

இன்னும் மூடாத கணக்கு

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடினார்கள். சிலர் என்னைப் போல இன்னும் தூரம் ஓடினோம். ஊரில் மிஞ்சியவர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்களோடு மிஞ்சியது அந்த 13 மேடுகள்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கரில் பரந்திருக்கிற அந்த 13 மேடுகளையும் ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கிற மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை வருஷம் வெயிலும் மழையும் பட்டு மேலே கொஞ்சம் இறுகிப்போயிருக்கிற மாவை மறுபடி தோண்டினால் காற்றில் என்ன ஏறும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோண்டுவதற்கு முன் நனைப்பதும், ஏற்றிய லாரியை மூடுவதும், கடைசியில் மேட்டின் மேல் செடி வளர்ப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பூமிக்குக் கீழே எப்போதோ கற்றுக்கொண்ட பாடம்தான், இந்தத் தடவையாவது மேலேயும் எழுதுங்கள் என்று கேட்கலாம்.

ஊரில் ஓட்டு உள்ளவர்கள் அதைக் கேளுங்கள். என்னைப் போலத் தூரத்தில் இருப்பவர்கள், அடுத்த முறை ஊருக்கு வாட்ச், சாக்லேட், கோடாலித் தைலம் அனுப்பும்போது, வீட்டில் தரையை யார் துடைக்கிறார்கள், குந்தியா நின்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.